சாயத்தைப் பிடிக்கும் கரிசல் மண்!

குழந்தைகளே, திருச்சுழிப் பக்கம் மழை பெய்த மறுநாள் காட்டுக்குள் வெறுங்காலோடு நடந்திருக்கிறீர்களா? பத்தடி போவதற்குள் காலுக்கு அடியில் இன்னொரு கால் முளைத்துவிடும்! அத்தனை கனமாக மண் அப்பிக்கொள்ளும். செருப்புப் போட்டுக்கொண்டு போனாலோ, செருப்பு காட்டிலேயே நின்றுவிடும். நாம் மட்டும்தான் வீடு திரும்புவோம்.

அதே காட்டைச் சித்திரை மாதத்தில் போய்ப் பாருங்கள். நிலம் முழுவதும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். விளையாடும்போது கோலிக்குண்டு அந்த வெடிப்புக்குள் விழுந்தால், அவ்வளவுதான். அடுத்த மழைக்கு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். கோலிக்குண்டு உள்ளேயே இருக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரங்களில் பரவிக் கிடக்கும் இந்தக் கறுப்பு மண்ணுக்குக் கரிசல் என்று பெயர். திருச்சுழி என்றதும் பெரியவர்களுக்கு 1879ஆம் ஆண்டு அங்கே பிறந்த ரமண மகரிஷியின் நினைவு வரும். குண்டாற்றங்கரையில் உள்ள கோயிலின் நினைவு வரும். நாம் இன்று பார்க்கப் போவது அந்த ஊர் மண்ணை. காலில் ஒட்டுகிற, கோடையில் வெடிக்கிற இந்த மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரில் கரைந்த சாயத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும்!

நம்ப முடியவில்லையா? செய்தே பார்த்துவிடலாம்.

நான்கு பாட்டில்கள்

அறிவியல் ஆசிரியரையோ வீட்டில் பெரியவர் ஒருவரையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டில்கள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். முதல் இரண்டு பாட்டில்களில் மெத்திலீன் நீலம் பத்துச் சொட்டு விடுங்கள். வண்ணமீன் விற்கும் கடைகளில் மீன்களின் பூஞ்சை நோய்க்கு மருந்தாக இது கிடைக்கும். பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும். மற்ற இரண்டு பாட்டில்களில் கேசரிப் பவுடர் கடுகளவு போட்டுக் கலக்குங்கள்.

இப்போது ஒரு நீல பாட்டிலிலும் ஒரு கேசரி பாட்டிலிலும் மட்டும், நன்றாகப் பொடித்துச் சலித்த கரிசல் மண்ணை ஒரு தேக்கரண்டி போட்டு, மூடி, ஐந்து நிமிடம் குலுக்குங்கள். பிறகு நான்கையும் அசையாத இடத்தில் இரவு முழுவதும் வைத்துவிடுங்கள். மண் போடாத இரண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. (மெத்திலீன் நீலம் கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. பள்ளிச் சட்டையில் பட்டால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் சொல்லித்தர மாட்டேன்! எந்த பாட்டில் தண்ணீரையும் வாயில் வைக்கக் கூடாது.)

காலையில் போய்ப் பாருங்கள். மண் அடியில் படிந்திருக்கும். நீல பாட்டிலில் மேலே நிற்கும் தண்ணீரில் நீலத்தைக் காணோம்! கொஞ்சம் கலங்கல் இருக்கலாம்; நீலம் இருக்காது. கலங்கல் இருக்கிறதே என்று வடிதாளில் வடிக்க அவசரப்படாதீர்கள். தாளும் கொஞ்சம் நீலத்தைப் பிடித்துக்கொள்ளும், கணக்கு தவறிவிடும். பொறுத்திருப்பதே நல்லது.

கேசரி பாட்டில்? அதில் ஆரஞ்சு நிறம் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

ஒரே மண். ஒரே தண்ணீர். ஒரு சாயத்தைப் பிடித்த மண் இன்னொன்றை ஏன் விட்டுவிட்டது?

அப்பளக் கட்டு

கரிசலில் களி அதிகம். அந்தக் களியில் முக்கியமானது மாண்ட்மோரிலோனைட் என்ற கனிமம். பிரான்ஸ் நாட்டில் உள்ள மாண்ட்மோரிலோன் என்ற ஊரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது எப்படி இருக்கும் தெரியுமா? அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகள். ஒவ்வொரு தகட்டின் தடிமனும் ஒரு மீட்டரை நூறு கோடி பாகமாக்கினால் அதில் ஒரு பாகம் அளவுதான். மழை பெய்தால் தகடுகளுக்கு இடையில் தண்ணீர் புகுந்து அடுக்கு விரியும். அதனால் மண் ஊதும், பிசுபிசுக்கும். வெயிலில் தண்ணீர் வெளியேறினால் அடுக்கு சுருங்கும், மண் வெடிக்கும். உங்கள் செருப்பைப் பிடித்ததும் கோலிக்குண்டை விழுங்கியதும் இந்த அப்பளக் கட்டுதான்!

இத்தனை மெல்லிய தகடுகள் என்பதால் அவற்றின் பரப்பு மிகப் பெரிது. சுத்தமான மாண்ட்மோரிலோனைட்டை ஒரே ஒரு கிராம் எடுத்து, எல்லாத் தகடுகளையும் பிரித்துப் பரப்ப முடிந்தால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். கபடி ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அப்படியானால் ஏறக்குறைய ஆறு ஆடுகளங்கள், ஒரு கிராம் மண்ணுக்குள்! கரிசலில் மணலும் சுண்ணாம்பும் மற்றவையும் கலந்திருப்பதால் நம் தேக்கரண்டி மண்ணில் அவ்வளவு கிடைக்காது. ஆனாலும் நிறையக் கிடைக்கும்.

அடுத்த சங்கதி மின்சுமை. இந்தத் தகடுகளில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்திருக்கும். அலுமினியத்துக்கு நேர் மின்சுமை மூன்று, மக்னீசியத்துக்கு இரண்டுதான். ஒன்று குறைகிறது அல்லவா? அதனால் தகடு முழுவதும் எதிர் மின்சுமையோடு நிற்கிறது. அதைச் சமன் செய்யக் கால்சியம், சோடியம் போன்ற நேர் மின்சுமை உள்ள அயனிகள் தகடுகளுக்கு நடுவே தங்கியிருக்கின்றன.

மெத்திலீன் நீலம் தண்ணீரில் கரைந்தால் அதன் நிறமுள்ள பகுதிக்கு நேர் மின்சுமை. எதிரும் நேரும் ஈர்க்கும் என்று படித்திருக்கிறீர்களே! நீலம் வந்ததும் கால்சியம் எழுந்து இடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுகிறது. கேசரிப் பவுடரில் உள்ள நிறங்களுக்கோ எதிர் மின்சுமை. எதிரைக் கண்டால் எதிர் விலகத்தானே செய்யும்? அதனால்தான் அது தண்ணீரிலேயே நின்றுவிட்டது.

மண் சாயத்தை உறிஞ்சியது என்று சொல்லிவிடாதீர்கள். பஞ்சு தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்வது உறிஞ்சுதல். தகட்டின் மேல் வந்து ஒட்டிக்கொள்வதற்குப் பெயர் பரப்புக் கவர்ச்சி. மேல்வகுப்பு வேதியியலில் இது ஒரு பாடமாகவே வரும்.

நொய்யலுக்கு வந்த வினை

இதெல்லாம் பாட்டில் விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவும் நூலுக்குச் சாயம் ஏற்றுவதும் பழைய தொழில்கள். நூலைச் சாயத்தொட்டியில் முக்கினால் எல்லாச் சாயமும் நூலில் ஏறிவிடாது. பருத்திக்கு இன்று அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களில் கணிசமான பங்கு தண்ணீரிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரை எங்கே கொட்டுவது?

கொங்கு நாட்டுத் திருப்பூரில் இந்தக் கேள்வி பெரிய வழக்காகவே ஆனது. நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992ஆம் ஆண்டு ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஆனால் சாயப் பட்டறைகளின் கழிவு ஆற்றில் வந்து, அணையில் தேங்கியது. சுற்றிலும் கிணற்று நீர் கெட்டது, பயிர் கெட்டது. விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பவும் தாங்களே பயன்படுத்த வேண்டும், வெளியே ஒரு சொட்டும் விடக்கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. இந்தச் சுத்திகரிப்புக்கு மின்சாரமும் பணமும் ஏராளமாகச் செலவாகும்.

காட்டில் கிடைக்கும் களிமண் அந்தச் செலவில் கொஞ்சமாவது குறைக்குமா? விஞ்ஞானிகள் உலகம் முழுவதும் களிமண்ணையும் சாயத்தையும் கலந்து கலந்து பார்ப்பது இதற்காகத்தான். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இவ்வளவு சாயத்துக்கு எவ்வளவு மண் வேண்டும் என்பது. இதற்குத்தான் கணக்கு தேவைப்படுகிறது.

பல்புக்காரர் கண்ட கணக்கு

அமெரிக்காவில் இர்விங் லாங்மியூர் என்றொரு விஞ்ஞானி இருந்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை. குண்டு பல்பு எரிய எரிய உள்ளே ஏன் கறுத்துப்போகிறது என்று பார்க்கப் போனவர், சூடான கம்பியின் மேல் வாயுக்கள் எப்படி ஒட்டுகின்றன என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். 1918ஆம் ஆண்டு அதற்கு ஒரு கணக்கு கண்டுபிடித்தார். பரப்புகளைப் பற்றிய வேதியியலுக்காக 1932ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாயுவுக்காகப் போட்ட அந்தக் கணக்கையே இன்று சாயத்துக்கும் போடுகிறார்கள்.

கணக்கை நம் ஊர் பஸ்ஸில் ஏற்றிப் பார்ப்போமா? அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் ஒரு பஸ்ஸில் 48 இருக்கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இருக்கைக்கு ஒருவர்தான். மடியில் உட்காரக் கூடாது. நம் பஸ்ஸில் இடம் பிடித்தவர் இறங்கும்வரை எழமாட்டார். சாய மூலக்கூறுகளோ சேட்டைக்காரப் பிள்ளைகள் மாதிரி. உட்காரும், எழும், வேறொன்று வந்து உட்காரும். நிற்பவர்கள் கூடக்கூடக் காலியாகும் இருக்கை உடனே நிரம்பும். ஆனால் 48க்கு மேல் போகவே போகாது.

லாங்மியூர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான். எத்தனை பேர் நின்றால் பாதி இருக்கைகள் நிரம்பும் என்று முதலில் பாருங்கள். அது 10 என்று வைத்துக்கொள்வோம். மொத்த இருக்கையை நிற்பவர் எண்ணிக்கையால் பெருக்கி, நிற்பவர் எண்ணிக்கையோடு 10ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால் உட்கார்ந்திருப்பவர் எத்தனை என்று வந்துவிடும்.

நிற்பவர் 10 என்றால் 48ஐப் பத்தால் பெருக்கி இருபதால் வகுக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் 24. நிற்பவர் 20 ஆனால் 32. நிற்பவர் 50 ஆனால் 40. நிற்பவர் 110 ஆனால்கூட 44தான்! வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். கோடு முதலில் விறுவிறுவென ஏறும், பிறகு வளையும், கடைசியில் படுத்தே விடும்.

இப்போது இருக்கைக்குப் பதில் மண், நிற்பவருக்குப் பதில் தண்ணீரில் மிச்சமிருக்கும் சாயம். ஒரு கிராம் மண் அதிகபட்சம் 48 மில்லிகிராம் சாயம் பிடிக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் மிச்சமிருக்கும்போது பாதி நிரம்பியிருக்கும். (இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். உண்மையான மண்ணில் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.) ஒரு தொட்டியில் 1000 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 58 மில்லிகிராம் சாயம். இதை 10ஆகக் குறைக்க எவ்வளவு மண்?

லிட்டருக்கு 48 வீதம் 48,000 மில்லிகிராம் பிடிக்க வேண்டும். மிச்சம் 10 இருக்கும்போது ஒரு கிராம் மண்ணில் இருப்பது 24. வகுத்தால் 2000 கிராம். இரண்டு கிலோ மண் போதும்!

'பத்து போதாது, இரண்டாகக் குறைத்துவிடலாம்' என்கிறீர்களா? மிச்சம் 2 இருக்கும்போது ஒரு கிராம் மண்ணில் தங்குவது வெறும் 8தான். பிடிக்க வேண்டியது 56,000. வகுத்துப் பாருங்கள், 7000 கிராம். ஏழு கிலோ! கொஞ்சம் கூடுதலாகச் சுத்தம் கேட்டதற்கு ஐந்து கிலோ கூடுதல்.

இங்கேதான் ஒரு தந்திரம். முதலில் இரண்டு கிலோ போட்டு 10க்குக் கொண்டு வாருங்கள். அந்த மண்ணை எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். இனி பிடிக்க வேண்டியது 8,000 மில்லிகிராம்தான். கிராமுக்கு 8 வீதம் ஒரே ஒரு கிலோ. ஆக மொத்தம் மூன்று கிலோ. ஒரே தடவையில் போட்டால் ஏழு, இரண்டு தடவையாகப் போட்டால் மூன்று! சோப்புப் போட்ட துணியை ஒரு அண்டாத் தண்ணீரில் ஒரே முறை அலசுவதைவிட, வாளி வாளியாக இரண்டு மூன்று முறை அலசினால் தண்ணீர் மிச்சம் என்று உங்கள் பாட்டிக்குத் தெரியும். லாங்மியூரைப் படிக்காமலே தெரியும். தண்ணீர் பஞ்சமுள்ள ஊர்க்காரர் இல்லையா!

எல்லா மண்ணும் லாங்மியூர் சொன்னபடி நடக்கும் என்று சொல்ல முடியாது. அவர் கணக்கில் எல்லா இருக்கையும் ஒன்றுபோல. மண்ணில் ஜன்னலோர இருக்கையும் உண்டு, டயருக்கு மேல் உள்ள இருக்கையும் உண்டு. அதற்கு ஜெர்மனியின் பிராய்ண்ட்லிச் என்பவர் பெயரில் வேறொரு கணக்கு இருக்கிறது. இரண்டையும் போட்டுப் பார்த்து, எது சோதனைப் புள்ளிகளோடு ஒத்துப்போகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள்.

கேசரி பாட்டில் சொன்னது

அப்படியானால் சாயக் கழிவில் கரிசலைக் கொட்டிவிட வேண்டியதுதானே?

இப்போது கேசரி பாட்டிலை நினைத்துப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள்தான் இன்று பருத்திக்கு அதிகம் பயன்படுகின்றன என்றேன் அல்லவா? அவற்றுக்கும் எதிர் மின்சுமை! வெறும் கரிசல் அவற்றை அவ்வளவாகச் சட்டை செய்யாது. மெத்திலீன் நீலத்தை வைத்துச் செய்த ஆய்வுகள் ஏராளமாக இருக்கின்றன. எளிதில் ஒட்டும் சாயம் என்பதால் வரைபடம் அழகாக வரும். என்னைக் கேட்டால், கேசரி பாட்டில்தான் நமக்கு அதிகம் சொல்லிக் கொடுக்கிறது.

இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தலைமுடிக்குப் பூசும் கண்டிஷனரில் நேர் மின்சுமையுள்ள ஒரு வகைப் பொருள் இருக்கும்; அதனால்தான் அது முடியில் போய் ஒட்டுகிறது. அதே வகைப் பொருளைக் களிமண்ணில் நிறைய ஏற்றிவிட்டால் மண்ணின் மேற்பரப்பு நேர் மின்சுமைக்கு மாறிவிடும். பிறகு எதிர் மின்சுமைச் சாயங்களும் வந்து ஒட்டும். செலவு கூடும் என்பது வேறு விஷயம்.

இன்னொன்று. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற வேண்டுமானால் தொட்டியில் கிலோ கணக்கில் உப்புப் போட வேண்டும். அந்த உப்பும் கழிவில் வரும். நொய்யல் கரையில் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு உண்டு. உப்பைக் களிமண் பிடிக்காது. நிறம் போய்ப் பளிச்சென்று தெரியும் தண்ணீரிலும் அது அப்படியே இருக்கும், கண்ணுக்குத் தெரியாமல். சாயத்தைப் பிடித்த மண்ணை எங்கே போடுவது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆற்றில் போட்டால் கதை முதலிலிருந்து தொடங்கிவிடும். செங்கல்லில் கலந்து சுடலாமா என்று சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மண், உங்கள் வரைபடம்

அரைத் தேக்கரண்டி சலித்த கரிசலை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். கலக்கிக்கொண்டே ஐந்து டம்ளர்களில் சமமாக ஊற்றுங்கள். மெத்திலீன் நீலத்தை முதல் டம்ளரில் 10 சொட்டு, அடுத்தடுத்து 20, 40, 80, 160 சொட்டு விடுங்கள். (எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது!) நன்றாகக் கலக்கி இரவு முழுவதும் வையுங்கள். எல்லா டம்ளரிலும் நீலம் போய்விட்டால் மருந்து நீர்த்தது என்று பொருள். மண்ணைக் குறைத்து மறுபடி செய்யுங்கள்.

மிச்சமிருக்கும் நீலத்தை அளக்கக் கருவி வேண்டாம். வேறு டம்ளர்களில் மண்ணில்லாமல் 160 சொட்டு, அதில் பாதி, அதில் பாதி என்று ஒரு சொட்டு வரை நீலப் படிக்கட்டு ஒன்று தயார் செய்யுங்கள். அவற்றிலும் தண்ணீர் அளவு ஒன்றாகவே இருக்கட்டும். உங்கள் டம்ளர் எந்தப் படியோடு ஒத்துப்போகிறதோ அத்தனை சொட்டு மிச்சம். விட்டதிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் மண் பிடித்தது. மிச்சத்தைக் கீழ்க்கோட்டிலும் பிடித்ததை மேல்கோட்டிலும் வைத்துப் புள்ளி குறியுங்கள்.

பிறகு குண்டாற்று மணலை எடுத்து அதே மாதிரி செய்யுங்கள். செம்மண் கிடைத்தால் அதையும். மூன்று கோடுகளையும் ஒரே தாளில் போட்டுப் பார்த்தால் எந்தக் கோடு உயரத்தில் போய் வளைகிறது, எது தரையிலேயே படுத்துக்கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

முடித்த பிறகு அந்த நீலச் சேற்றை வாய்க்காலில் ஊற்றாமல் ஒரு பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். அதில் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நீலம் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். அடுத்து ஒரு கைப்பிடி உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றிக் குலுக்குங்கள். உப்பில் இருப்பது சோடியம். அதற்கும் நேர் மின்சுமை. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நீலத்தை அது எழுப்பிவிடுமா, விடாதா?